அத்தானின் 648: காசு கட்டி சிபில் ஸ்கோர் பார்த்ததில் கிடைத்ததும் கிடைக்காததும்

2025 பிப்ரவரியில் எங்கள் அத்தானுக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வருமான வரி ஒழுங்காகக் கட்டுகிறார், இருக்கிற வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்க 25 லட்சம் கேட்டிருந்தார். வங்கி மேனேஜர் நல்ல மனிதர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, “சார், ஸ்கோர் 648 காட்டுது, இதை வச்சு நான் மேல அனுப்ப முடியாது” என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அத்தானுக்கு அந்த 648 புதுச் செய்தியே இல்லை. 2024 செப்டம்பரிலேயே, நம் கடன்களையும் தவணைகளையும் பதிவு செய்து ஸ்கோர் போடும் கடன் தகவல் நிறுவனம் ஒன்றில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டி ஒரு வருடச் சந்தா எடுத்திருந்தார். மாதாமாதம் ஸ்கோர் வரும், ஏறினால் ஒரு மெசேஜ், இறங்கினால் ஒரு மெசேஜ். ஐந்து மாதமாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “மாப்ளே, காசு கட்டிப் பாத்துட்டுதான இருந்தேன், அப்படியும் ஏன் இப்படி ஆச்சு?” என்று அவர் கேட்டபோது எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய மூன்று மாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் சந்தா எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பலருக்கு இது உதவும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். சந்தாவோடு முழு ரிப்போர்ட்டும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பத்துப் பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலத்தில், சின்னச் சின்னக் கட்டங்களாக. அத்தான் ஒரு தடவைகூட அதைத் திறந்ததில்லை. முதல் பக்கத்தில் வட்டமாக, கலர் போட்டு, பெரிய எழுத்தில் 648 என்று இருக்கும்போது யார் உள்ளே போய்ப் பார்ப்பார்கள்? அந்த எண் 300 முதல் 900 வரைக்குள் எங்கே நிற்கிறோம் என்று சொல்கிறதே தவிர, ஏன் அங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. காரணம் எல்லாம் உள்ளே இருக்கும் கணக்கு விவரங்களில் இருக்கிறது.

நான்காவது பக்கத்தில் கிடைத்தது. 2017 ஜூலையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய இருசக்கர வாகனக் கடன், 36 தவணை. அதில் ‘நடப்பு பாக்கி 1,180, தவறிய தொகை 1,180’ என்று இருந்தது. கீழே மாத வாரியாகச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண்.  எல்லாமே மூன்று இலக்கமாகவே நின்றிருந்தன. வண்டிக் கடன் முடிந்து நாலு வருடம் ஆன மனிதரை அந்தக் கட்டங்கள் நாலு வருடமாகப் பாக்கி வைத்திருப்பவராகக் காட்டிக்கொண்டிருந்தன.

1,180 எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் கொரோனாவில் கடை மூடிக் கிடந்தது. ரிசர்வ் வங்கி அந்த மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதி கொடுத்திருந்தது, ஆனால் அத்தானின் கம்பெனி அதை அவர் கணக்கில் ஏற்றுவதற்குள் இரண்டு டியூ வங்கியில் பவுன்ஸ் ஆகிவிட்டது. ஒரு பவுன்ஸுக்கு 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590. இரண்டு பவுன்ஸுக்கு 1,180. அக்டோபரில் மொத்தப் பாக்கியையும் நேரில் போய்ப் பணமாகக் கட்டி முடித்தபோது, அந்த பவுன்ஸ் சார்ஜைக் கழித்துவிட்டதாகக் கிளையில் இருந்தவர் வாயால் சொல்லியிருக்கிறார். கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்றும் கொடுத்துவிட்டார்கள். ஆர்டிஓ அலுவலகத்தில், வண்டி கடனில் இருப்பதாகப் போட்டிருந்த எச்.பி. குறிப்பைக் கேன்சல் பண்ணி ஆர்.சி.யும் கைக்கு வந்தாயிற்று. கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த 1,180 உயிரோடு இருந்திருக்கிறது.

ரசீது, என்ஓசி, ஆர்.சி. மூன்றையும் அக்கா ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த டின்தான் கைகொடுத்தது.

இன்னொன்றையும் அதே ரிப்போர்ட்டில் பார்த்தேன், இது எனக்கு வருத்தமாக இருந்தது. செப்டம்பரில் ஸ்கோர் 671. அக்டோபரில் ‘உங்கள் ஸ்கோர் 3 புள்ளி குறைந்திருக்கிறது’ என்று மெசேஜ் வந்திருக்கிறது. மூன்று புள்ளி ஒரு பெரிய விஷயமே இல்லை, மாதத்துக்கு மாதம் அப்படி ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் காசு கட்டி வாங்கிய செய்தி அல்லவா, ஏதாவது செய்தாக வேண்டும் என்று அத்தானுக்குத் தோன்றியிருக்கிறது. கிரெடிட் கார்டு அதிகமாக இருந்தால் ஸ்கோர் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 2012-ல் வாங்கிய, ஒரு தடவைகூடத் தவறாமல் கட்டிய, 1,20,000 வரம்புள்ள கார்டை மூடிவிட்டார். மீதி இருந்தது 50,000 வரம்புள்ள கார்டு. கடைக்குச் சரக்கு எடுக்க மாதம் 35,000 அளவில் கார்டில்தான் தேய்ப்பார். முன்பு 1,70,000-த்தில் 35,000, ஐந்தில் ஒரு பங்குதான் பயன்பாடு. மூடிய மறுமாதத்திலிருந்து 50,000-த்தில் 35,000, அதாவது 70 சதவீதம். முப்பதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். டிசம்பரில் 652-க்கு வந்துவிட்டது. காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று மட்டும் தெரிந்துகொண்டு கையில் கிடைத்த மாத்திரையைப் போடுவது மாதிரி.

வங்கி மறுத்த பதினொரு நாளுக்குள் ஒரு லோன் ஏஜென்ட் மூலம் மூன்று பைனான்ஸ் கம்பெனிகளிலும் விண்ணப்பம் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் அந்த விசாரணைகள் நான்கும் தேதியோடு வரிசையாக இருந்தன. கடன் கொடுப்பவர் நம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அது பதிவாகும், குறுகிய காலத்தில் நிறையச் சேர்ந்தால் ஸ்கோரையும் இழுக்கும். நாமே நம்முடையதைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். இது தெரியாமல் பயந்துபோய்ப் பார்க்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, இதற்குக் காசு கட்டியிருக்க வேண்டுமா? வேண்டாம். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். சிபில் 2000-லேயே வந்துவிட்டதால் நம் ஊரில் எல்லா ஸ்கோருக்கும் சிபில் என்றே பெயர் ஆகிவிட்டது. நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை, ஸ்கோரோடு, இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது, 2017 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பான் நம்பர், பிறந்த தேதி, போனுக்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். அந்த இலவச இணைப்பைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றுகூட 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தா எடுக்கச் சொல்லும் பட்டன்தான் முதலில் கண்ணில் படும், தெரியாத மனிதர்கள் அதைத்தான் அமுக்குவார்கள்.

அன்றே மற்ற மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இலவசமாக இறக்கினோம். அத்தானுக்கு இதில் நம்பிக்கை இல்லை, “எல்லாத்துலயும் ஒண்ணுதான மாப்ளே இருக்கும்” என்றார். இரண்டில் அதே 1,180 இருந்தது. மூன்றாவதில் ஒரு டிராக்டர் கடன் இருந்தது!

அத்தான் வாழ்நாளில் டிராக்டர் வாங்கியதில்லை. முகவரியைப் பார்த்தால் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். பெயர் அதே பெயர், இனிஷியலும் அதே இனிஷியல். பிறந்த தேதியும் ஒன்று, 1-6-1978. இதைப் பார்த்ததும் அக்கா சொன்னாள், “அது அவுக பொறந்த தேதியே இல்ல, ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் போட்டது.” தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அது. வயது சரியாக வரவேண்டும் என்று ஆசிரியர்கள் எழுதிய தேதிகள்தான் ஆதார் வரைக்கும் வந்திருக்கின்றன. நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, ஒரு எழுத்து இனிஷியல்தான். அது ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். எஸ். முருகன் என்று தேடினால் மாவட்டத்துக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? பான் நம்பர் இல்லாமல் வாக்காளர் அட்டையை வைத்துக் கொடுத்த கடனாக இருந்தால், பெயரும் தேதியும் பொருந்துகிறது என்று கம்ப்யூட்டர் இரண்டு பேரை ஒருவராக்கிவிடும். நம் ஆட்கள் ரிப்போர்ட்டில் பெயர், தேதி, முகவரிப் பகுதியை மற்றவர்களைவிட ஒரு தடவை கூடுதலாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் வருடம் முழுக்கச் சந்தா கட்டியிருந்தாலும் அந்த டிராக்டர் அத்தான் கண்ணில் படவே படாது, ஏனென்றால் அது இருந்தது வேறு நிறுவனத்தில். எந்த வங்கி எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டை எடுக்கும் என்பது நம் கையில் இல்லை. காசு கட்டி ஒன்றை மாதாமாதம் பார்ப்பதைவிட, காசு கட்டாமல் நான்கையும் ஒரு தடவை முழுசாகப் படிப்பது பல மடங்கு மேல்.

தொடர்பு விவரம் பகுதியில் இன்னொரு ஓட்டை. இரண்டு ரிப்போர்ட்டில் அத்தானின் பழைய ஏர்செல் நம்பர் இருந்தது. 2018-ல் அந்தச் சேவை நின்றபோது, நம்பரை மாற்றிக்கொள்ளாமலே விட்டுவிட்டு வேறு சிம் வாங்கியவர் அவர். யாராவது நம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் நமக்கு எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2023 உத்தரவிலேயே இருக்கிறது, சந்தாவில் ‘உடனடி எச்சரிக்கை’ என்று விற்கிற வசதியில் ஒரு பகுதி அப்படி எல்லோருக்கும் இலவசமாகவே வர வேண்டியது. செத்துப்போன நம்பர் பதிவில் இருந்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்?

மார்ச் 3-ம் தேதி புகார் போட்டோம், நான்கு நிறுவனங்களிலும் ஆன்லைனில் தனித்தனியாக, கூடவே பைனான்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். புகார் போட எங்கேயும் ஒரு பைசா கேட்கவில்லை. கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு திருத்தித் தந்தால்தான் மாறும். அதனால் சண்டை முழுக்க அந்தக் கம்பெனியோடுதான். கிளைக்கு மூன்று தடவை போனோம். முதல் தடவை ‘சிஸ்டத்தில் காட்டவில்லை’ என்றார்கள், இரண்டாவது தடவை ‘ஹெட் ஆபீஸில் கேட்க வேண்டும்’ என்றார்கள், மூன்றாவது தடவை, 1,180 கட்டிவிட்டால் உடனே முடித்துத் தருகிறோம் என்றார்கள். அத்தான் பர்ஸை எடுத்துவிட்டார். நான்தான் தடுத்தேன். இப்போது கட்டினால் பாக்கி இருந்ததை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நாலு வருடத் தாமதக் கட்டங்கள் அப்படியே நின்றுவிடும், கணக்கு மட்டும் இன்றைய தேதியில் முடியும். நமக்கு வேண்டியது 2020 அக்டோபரில் முடிந்த கடன் 2020 அக்டோபரில் முடிந்ததாகக் காட்டப்படுவது. என்ஓசி-யில் அவர்கள் போட்ட தேதியும் சீலும் இருக்கும்போது நாம் ஏன் இறங்கிப்போக வேண்டும்?

முப்பது நாளுக்குள் புகாரைத் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி. 21 நாளுக்குள் கடன் கொடுத்தவர் பதில் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் நஷ்டஈடு அவர் பொறுப்பு. 31-வது நாள் இந்த விதியை எழுதி, புகார் எண்ணைப் போட்டு, அடுத்தது வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன்தான் என்று ஒரு மெயில் அனுப்பினோம். 38-வது நாள் திருத்தம் வந்தது. எட்டு நாளுக்கு 800 ரூபாய் அத்தான் கணக்கில் ஏறியது. டிராக்டர் கடன் அதற்கு முன்பே, மூன்றாவது வாரத்தில், பான் கார்டும் ஆதாரும் பார்த்தவுடன் நீக்கப்பட்டுவிட்டது.

2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுப்பவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தகவல் அனுப்ப வேண்டும் என்று மாற்றியிருந்ததால் ரொம்ப நாள் காத்திருக்கவில்லை. இடையில் கார்டு பயன்பாட்டையும் 15,000-க்குள் கொண்டுவந்திருந்தார். ஏப்ரல் கடைசியில் ஸ்கோர் 741. எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று சொல்ல மாட்டேன், அத்தானின் ரிப்போர்ட்டில் இருந்தவை மற்றவர் செய்த தப்புகள். நிஜமாகவே தவணை தவறியிருந்தாலோ, பாதிப் பணம் கட்டி செட்டில்மென்ட் போட்டிருந்தாலோ புகார் கொடுத்து மாற்ற முடியாது. மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள், நாம் இலவசமாகப் போடுகிற அதே புகாரைத்தான் அவர்களும் போடுவார்கள்.

மே மாதம் அதே வங்கி, அதே மேனேஜர், 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு 25 லட்சம் கொடுத்தார். பிப்ரவரியில் ஏஜென்ட் கொண்டுவந்த பைனான்ஸ் கம்பெனி 11.5 சதவீதம் சொல்லியிருந்தது, அத்தான் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். தவணை 29,205-க்குப் பதில் இப்போது 25,357. மாதம் 3,848 மிச்சம். வட்டி இப்படியே இருந்தால் 180 மாதத்துக்கு 6 லட்சத்து 92 ஆயிரம். ஒரு பழைய 1,180 ரூபாய்க்காக இவ்வளவு போயிருக்கும்.

அப்படியானால் காசு கட்டிப் பார்ப்பதற்கு இடமே இல்லையா என்றால், ஒரே ஒரு நேரத்தில் இருக்கிறது. அந்த வருடத்தின் இலவச ரிப்போர்ட்டை எடுத்தாயிற்று, புகார் தீர்ந்துவிட்டது என்று பதிலும் வந்துவிட்டது, திருத்தம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று வங்கிக்குப் போவதற்கு முன் பார்த்தாக வேண்டும். அப்போது அந்த ஒரு ரிப்போர்ட்டுக்கு மட்டும் கட்டலாம், வருடச் சந்தா வேண்டாம். தனிநபருக்கு அவருடைய ரிப்போர்ட்டைக் கொடுக்க 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் விதி என்று 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு மேல் கட்டுகிறோம் என்றால் கூடச் சேர்த்து விற்கிற மற்ற வசதிகளுக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்டுங்கள். போன் ஆப்களில் இலவசமாகக் காட்டுகிற ஸ்கோரையும் இடையில் ஒரு கண்ணோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே காசு போகாது, ஆனால் நம் விவரத்தைப் பார்க்க அனுமதி கொடுக்கிறோம், அப்புறம் லோன் வேண்டுமா என்று போன் வந்துகொண்டே இருக்கும். எந்த நிறுவனத்தின் ஸ்கோர் என்று கீழே சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதையும் பார்க்க வேண்டும்.

கடனே வாங்கியிராதவர்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அக்கா மகள் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போகப்போகிறாள், தனக்கு -1 என்று காட்டுகிறதே என்று பதறினாள். வரலாறு இல்லை என்பதற்கு அது அடையாளம், கெட்ட பெயர் இல்லை. முதல் தடவை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

செப்டம்பரில் சந்தா முடிவதற்கு முன்பே, தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று போட்டுவிட்டார் அத்தான். 2026 ஜனவரி முதல் வாரம், புது வருடக் கணக்கில் நான்கு இலவச ரிப்போர்ட்டையும் அவரே இறக்கி, பிரின்ட் எடுத்து, பேனாவோடு உட்கார்ந்து படித்தார். தர்மபுரி டிராக்டர் எதிலும் இல்லை. வண்டிக் கடன் நான்கிலும் முடிந்ததாகவே இருக்கிறது. ஒன்றில் மட்டும் இன்னும் அந்த ஏர்செல் நம்பர் இருந்தது. அதை மாற்றச் சொல்லிப் புகார் போட்டுவிட்டு, அந்தத் தாள்களையும் அக்காவின் பிஸ்கட் டின்னுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.